ஒன்றரை மணி நேர லேப்டாப்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேலே மலையூரில் காப்பீட்டு அட்டை முகாம். பதிவுக்கு நான் ஒருத்திதான். மழையில் ஊருக்கே கரண்ட் இல்லை. லேப்டாப் நூறு சதவீதம், 10.10க்கு ஆரம்பம். 11.40க்கு அணைந்தது. முடிந்தது 19 பேர். மீதி 14.

அணைந்தபோது எதிரே இருந்தவர் மாதேஷ். கல் குவாரியில் கால் முறிந்தவர். அட்டை வந்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி. மனைவி செல்வி வண்டியில் உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தாள். பாதி விவரம் ஏற்றியிருந்தேன். எல்லாம் போச்சு.

"ஏங்க, காலையில இருந்து குந்திக்கினு இருக்கறோம். எங்க முறை வந்தப்பதான் அணையுமா?"

வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறேன் என்றேன். திட்டிக்கொண்டே போனாள்.

வீட்டில் செட்டிங்ஸ் திறந்தேன். வெளிச்சம் முழுசு. திரை அணையவே அணையாது. மாற்றப் போனால் ஆபீஸ் பாஸ்வேர்டு கேட்கிறது. பூட்டி வைத்திருக்கிறார்கள், பாவிகள்.

நவம்பர் 5, புதன்

மேகமூட்டம். துணி காயவில்லை. மேனேஜருக்கு போன். நாலாவது தடவை எடுத்தார்.

"ஸ்கிரீன் அணைஞ்சா நீங்க வேலை செய்யறீங்களா, ஊர் சுத்தறீங்களான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? அதுக்குத்தான் லாக்."

"கரண்ட் இல்லாத ஊருக்கு அனுப்பறீங்களே சார்?"

"ஃபுல் சார்ஜ் போட்டுக்கினு போவணும் மேடம்."

மாலையில், மேனேஜர் ஹெட் ஆபீஸுக்கு எழுதிய ரிப்போர்ட் எனக்கும் வந்தது. 'பதிவாளர் சார்ஜ் போடாமல் சென்றதால் முகாம் பாதியில் நின்றது.' சாப்பிடக் கூப்பிட்ட அம்மா மேல் எரிந்து விழுந்தேன். அவள் என்ன செய்வாள்?

நவம்பர் 6, வியாழன்

முதல் பஸ். தருமபுரி ஆபீஸ். மாற்ற வேண்டியவை, பஸ்ஸில் எழுதியது:

- வெளிச்சம் 40
- 2 நிமிஷம் தொடாவிட்டால் திரை அணையணும்
- புளூடூத் ஆஃப்
- பேட்டரி சேவர் இருபதில் இல்லை, நூறிலிருந்தே
- பின்னால் ஓடும் கண்காணிப்பு சாஃப்ட்வேர். முதல் எதிரி

நூறு சதவீதத்தில் லேப்டாப்பை மேனேஜர் மேஜை மேல் வைத்து ஒயரைப் பிடுங்கினேன். "நீங்களே பாருங்க சார்." அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆபீஸ் முழுக்க வேடிக்கை. ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம். அணைந்தது.

மறுபடி சார்ஜ் போட்டேன். மேனேஜர் பாஸ்வேர்டைத் தானே அடித்தார், கையால் மறைத்துக்கொண்டு. நாலு மாற்றம் செய்தேன். ஐந்தாவது மட்டும், "அது ஹெட் ஆபீஸுங்க." ரிப்போர்ட்டைத் திருத்தச் சொன்னேன்.

"போயிடுச்சு மேடம், விடுங்க."

விடணுமாம்!

நவம்பர் 7, வெள்ளி

அதே ஊர். கரண்ட் இன்னும் வரவில்லை. 10 முதல் 11.30 வரை, 13 பேர். பேட்டரி மீதி 38 சதவீதம். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாதேஷ் வரவில்லை.

அவர் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது: "காலு வீங்கிப்போச்சுங்க. நேத்தே தருமபுரி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிட்டாங்க. கார்டு இல்லன்னு சும்மா படுத்துக்கினு இருக்கறாரு."

கரண்ட் போனதற்கு நான் பொறுப்பில்லை. பூட்டியதும் நானில்லை. ஆனால் அந்த ஊருக்குத் தெரிந்த முகம் என்னுடையது.

நவம்பர் 8, சனி

லீவு. லேப்டாப்போடு ஆஸ்பத்திரி. மேனேஜரிடம் கேட்கவில்லை. மாதேஷ் கண்ணை மூடிக் கிடந்தார். கல் உடைத்துத் தேய்ந்த விரல், மூன்றாவது தடவைதான் ரேகை ஏறியது. அட்டை எண் வந்தது. நர்ஸ் குறித்துக்கொண்டார். ஆபரேஷன் திங்கட்கிழமை.

நான் பையை மூடும்போது செல்வி சொன்னாள்.

"நாலு நாளா வலியில கத்தறாருங்க. உங்க வேலை ஆயிடுச்சில்ல, கெளம்புங்க."

மன்னிப்புக் கேட்காமலே கிளம்பிவிட்டேன்.