கம்ப்யூட்டர் பங்கா

8-6-1987
மழை பிடித்துவிட்டது. மாடி ஜன்னல்களை அடைத்தாயிற்று. திறந்து வைத்தால் சாரல் அடித்து, பர்ஸுக்கு வெட்டிய தோல் பூஞ்சை பிடிக்கும். அடைத்தால் சொலுசன் நெடி. பர்ஸ் ஒட்டுகிற பசைக்குத் தாராவியில் அதுதான் பெயர். ஐந்து பெண்கள், ஒரே டியூப் லைட், நிமிர்ந்தால் தலை தட்டும் கூரை. நாலு வருஷமாக எனக்கு மீன் குழம்புக்கும் பருப்புக்கும் மணத்தில் வித்தியாசம் தெரிவதில்லை. நாக்கில் உப்பாவது தெரிகிறதே, அல்ஹம்துலில்லாஹ்.

11-6-1987
முருகம்மாள் மத்தியானம் பசைப் பிரஷ்ஷைப் பிடித்தபடியே சரிந்துவிட்டாள். உதடெல்லாம் கறுத்துவிட்டது. நானும் கூட ஒட்டுகிற சைனபும் அவளை ஏணி வழியாக எப்படி இறக்கினோம் என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் ஹிந்தியில் சுருக்கமாகச் சொன்னார்: காற்றோட்டம் செய்து கொடு, இல்லையென்றால் வேறு வேலைக்கு அனுப்பு. இன்னொரு மழைக்காலத்தை அவள் நெஞ்சு தாங்காதாம்.

வேறு வேலைக்கு எங்கே அனுப்புவது? ஒன்பது வருஷமாக என்கூட உட்கார்ந்து ஒட்டுகிறவள். இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அவள் ஒருத்தி கைதான் சோறு. இரண்டு வாரம் வீட்டில் இரு என்று அனுப்பினேன். வாசலில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஜன்னலை அடைத்தது யார்? நான்தானே.

13-6-1987
மேசை மின்விசிறி வைத்துப் பார்த்தேன். நெடியை அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அனுப்புகிறது, ஈரப் பசையில் தூசி வேறு ஒட்டுகிறது. பெரிய எக்ஸாஸ்ட் மாட்டலாமென்றால் எங்கள் மாடிச் சுவர் வெறும் தகரம். போன வருஷம் மாட்டியது சுவரையே பிய்த்துக்கொண்டு விழுந்தது. என்னதான் செய்வது?

17-6-1987
இன்று என் வீட்டுக்காரர் உதுமான் மச்சானோடு பெரிய சண்டை. அவர் தொழில் பங்கார், பழைய இரும்பு வாங்கி உடைத்து விற்பது. அம்பர்நாத்தில் ஏதோ கம்பெனியிலிருந்து பீரோ மாதிரி இரண்டு பெட்டிகளை டெம்போவில் கொண்டு வந்து வாசலை அடைத்துவிட்டார். கம்ப்யூட்டராம்! ஆபீஸில் சம்பளப் பட்டியல் போட்ட மெஷினாம். இப்போது மேசை மேல் வைக்கிற சின்னது வந்துவிட்டதால் இதைத் தள்ளிவிட்டார்களாம்.

பங்கார்காரர்கள் எதையும் திறந்து பார்த்து வாங்குவதில்லை. ஒரு மூலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். கனத்தால் உள்ளே செம்பு. அவ்வளவுதான் பரீட்சை.

"உள்ள மனுசி மூச்சு விட எடமில்ல, நீங்க இரும்புப் பொணத்தக் கொண்டாந்து போடுதிய!" என்று கத்தினேன். உதுமான் மச்சான் காது கேளாதவர் மாதிரி பீடியைப் பற்ற வைத்தார்.

18-6-1987
காலையிலேயே முதல் பெட்டியைச் சம்மட்டியால் பிளந்துவிட்டார். பங்கார்காரர்களுக்குக் கை முந்தும், கண் பிந்தும். செம்பும் நினைத்த அளவு இல்லை. முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார்.

குப்பையைக் கூட்டும்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு விசிறி கிடைத்தது. இறக்கை நொறுங்கியிருந்தது.

"இது என்னது?"

"பங்கா. மெஷினு சூடாவாம இருக்க உள்ள காத்த வெளிய தள்ளும்."

"எத்தன இருந்துச்சு?"

"ஒரு பெட்டிக்கு எட்டு."

எட்டும் தூள். மெஷினுக்குப் புழுங்கக்கூடாது என்று எட்டு பங்கா. ஐந்து பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை! ஓடிப் போய் இரண்டாவது பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "இதுல சுத்தியல் பட்டுச்சு, நான் மனுசியா இருக்க மாட்டேன், ஆமா!" தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும்.

21-6-1987
எட்டையும் ஸ்க்ரூ கழற்றி எடுத்தோம். மச்சான் அவசரப்பட்டு ஒன்றை நேராகக் கரண்டில் செருகினார். ஒரு ஊளை, புகை, செத்துப்போனது. ஏழாயிற்று. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதேன்.

சாயங்காலம் அடுத்த சந்து எலெக்ட்ரீசியன் கணேசபாண்டியன் வந்து தலையில் அடித்துக்கொண்டான். "பாய், இதுலயே நூத்திப் பதினஞ்சு வோல்ட்டுன்னு எழுதியிருக்குல்லா? நம்ம லைனு எரநூத்தி முப்பது. ரெண்டு ரெண்டா ஒரே வரிசைல கோத்தாத்தான் தாங்கும்." ஆக மூன்று ஜோடி, ஆறு ஓடும். ஒன்று கையிருப்பு. சுவிட்சைக் கீழேதான் வைப்பேன், சொலுசன் பக்கத்தில் ஒரு பொறிகூட ஆகாது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். நல்ல பிள்ளை.

25-6-1987
சின்ன பங்கா என்பதால் தகரச் சுவர் அலுங்கவில்லை. நெடி எதிர்வீட்டு அடுப்படிக்குப் போகக்கூடாதே, அதனால் கம்ப்யூட்டர் பெட்டியின் கதவுகளை வளைத்துக் கூரைக்கு மேலே போகிற மாதிரி குழாயாக அடித்துக் கொடுத்தார் மச்சான். உள்ளே இருந்த டேப்புச் சுருள் வற்றல் காயவைக்கிற இடத்தில் கட்ட ஆயிற்று. காற்றில் பளபளவென்று ஆடுகிறது, காக்காய் கிட்டே வருவதில்லை.

சொலுசன் டப்பாக்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டு, நெடி போன பிறகு அறை நடுவில் ஒரு ஊதுபத்தி கொளுத்தினேன். புகை கொஞ்சம் யோசித்தது. பிறகு வரிசையாகச் சுவரைப் பார்த்துப் போய்விட்டது. ஏணி வாசல் வழியாகக் கீழேயிருந்து புதுக் காற்று காலில் பட்டது. மச்சான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன்.

29-6-1987
முருகம்மாள் வந்தாள். ஏணியில் பாதி ஏறி நின்றுவிட்டாள். "என்னக் கழிச்சு விட்டுட்டியன்னுல்லா நெனச்சேன், ராபியாக்கா." பங்காவுக்கு நேர் கீழே அவள் பலகையைப் போட்டேன்.

6-7-1987
இன்று யாருக்கும் தலைவலி இல்லை.

19-7-1987
டாக்டர் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். நெஞ்சு தெளிந்து வருகிறதாம். இரண்டு மாதம் கழித்து வந்தால் போதுமாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் முருகம்மாள் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். இவள் இவ்வளவு பேசுவாளா?

மச்சான் காட்கோபரில் இன்னொரு பழைய கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எவ்வளவு கனம் என்று கேட்டேன். "ஆறு பங்கா" என்றார். எதிர்வரிசை மாடிப் பெண்கள் தங்களுக்கும் வேண்டுமென்று ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

3-8-1987
வெளியே அடைமழை, ஜன்னலெல்லாம் அடைப்பு. முருகம்மாள் திடீரென்று கையை நிறுத்தித் தலையைத் தூக்கினாள்.

"அக்கா, கருவாடு கருகுது."

"ஒனக்கு எப்பிடிட்டீ தெரியும்?" என்று சிரித்தேன். இந்த அறையில் யாருக்கு மூக்கு இருக்கிறது? ஆனால் சைனபும் தலையைத் தூக்கினாள். அப்புறம் எனக்கும் வந்தது. முதலில் லேசாக, பிறகு மூக்கு நிறைய. ஏணி வாசல் வழியாக என் அடுப்பிலிருந்து என் கருவாடு!

விழுந்தடித்து இறங்கினால் சட்டியில் பாதி கரி. திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. சட்டியை அப்படியே மேலே கொண்டு போனேன். ஐந்து பேரும் மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்துவிட்டு, கருகியதையும் விடாமல் தின்று தீர்த்தோம்.