பல் பிடுங்கிய கிருமி

இன்று காலை பஞ்சாயத்து ஆட்கள் சாக்கடையோரம் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் மட்டும் கூறுகெட்டவள் மாதிரி வாசலில் நின்று அந்த வாடையை இழுத்து இழுத்து மோந்தேன். உங்கள் ஞாபகம்தான், வேறென்ன.

எண்பதுகளின் கடைசி. நாமக்கல்லில் லாரி கட்டும் பட்டறையில் நீங்கள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தீர்கள். சிறுநீரில் ரத்தம் போவதை ஒரு மாதம் மறைத்தீர்கள். நான் பார்த்துவிட்டுக் கேட்டதும் பீட்ரூட் தின்றதாகச் சொன்னீர்கள். அந்த மாதம் நம் வீட்டில் பீட்ரூட்டே வாங்கவில்லை. கட்டின புருஷனுக்குப் பொய் சொல்லக்கூடத் தெரியவில்லையே என்று எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

சேலத்து டாக்டர் சிறுநீர்ப்பைக்குள் இருந்த புற்றுக்கட்டியைச் சுரண்டி எடுத்தார். திரும்ப முளைக்கிற ரகம் என்றார். முளைக்காமலிருக்க, குழந்தைகளுக்குத் தோளில் குத்துகிற காசநோய்த் தடுப்பு மருந்தைக் குழாய் வழியாக உள்ளே விட வேண்டுமாம். வாரம் ஒன்றாக ஆறு வாரம். உயிருள்ள கிருமிதான், ஆனால் பல் பிடுங்கியது என்றார். கட்டி நம் சதையாகவே இருப்பதால் உடம்பின் காவல்காரர்களுக்கு அது திருடனாகத் தெரிவதில்லை. இந்தக் கிருமி அங்கே போய் ஒட்டிக்கொண்டால் ஊரே கூடிவிடும், கூடின கூட்டம் இரண்டையும் சேர்த்து அடித்துவிடும் என்றார். புது வைத்தியம், எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை.

“எங்கப்பனத் தின்ன கிருமிங்க அது” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உங்கள் பின்னாலேயே ஓடினேன். காசநோய் வந்த மாமனாரைக் காட்டுக்கொட்டாயில் தனியாக வைத்து, சோற்றைத் தூர வைத்துவிட்டு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். கடைசியில் அவர் கையைப் பிடிக்கக்கூட ஆளில்லை.

“ஏனுங்க, உங்களுக்குப் பயம் கிருமியா, கொட்டாயா?” என்று கேட்டேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். “நான் ஒதுக்கி வெக்க மாட்டனுங்க. ஒரே வட்டல்ல உண்போம். வாங்க” என்றேன். வந்தீர்கள்.

மருந்து விட்டபின் இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்க வேண்டும். கால்மணிக்கொரு தடவை புரண்டு புரண்டு படுக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இடப்பக்கம், வலப்பக்கம், குப்புற என்று அதட்டுவேன். உங்களைத் தோசை மாதிரி திருப்புகிறேன் என்று நர்சிடம் புகார் செய்தீர்கள். வீட்டுக்கு வந்தால் காய்ச்சலும் எரிச்சலும். பொழுது சாயும்வரை நீங்கள் கக்கூஸ் போய்வந்த ஒவ்வொரு தடவையும் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிவிட்டு நிற்பேன்.

போன மாதம் பேத்தி கல்லூரியிலிருந்து வந்து, சில கிருமிகள் காற்றுப் புகாத கட்டியின் நடுவைத் தாமாகவே தேடிப்போய்க் குடியேறிப் பெருகுமாம், அவற்றின் தலையில் மருந்தை ஏற்றி அனுப்பப் பார்க்கிறார்களாம் என்று அதிசயமாகச் சொன்னாள். உங்க தாத்தா அந்தக் காலத்திலேயே கிருமிக்கு இடம் விட்டவர் என்றேன். அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை.

ஆறாம் வாரம் முடிந்து திரும்பும்போது சேலம் பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு டீ வாங்கினீர்கள். பாதி குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினீர்கள். எச்சிலில் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு வாரமாக ஒரே வட்டிலில் உண்டவள்தான் நான். ஆனாலும் வீட்டில் இருந்த நம் சின்ன மகனின் முகம் ஏனோ கண்ணில் வந்துபோனது. கை ஒரு நொடி நின்றுவிட்டது. நீங்கள் பார்த்தீர்கள். டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளப் போனீர்கள். நான் வெடுக்கென்று பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தேன்.

“மெதுவாக் குடி புள்ள, சுடும்” என்றீர்கள்.

கட்டி திரும்பவே இல்லை. அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தீர்கள். நெஞ்சுவலி வந்து ஒரு மத்தியானத்தில் போனீர்கள், என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனீர்கள். அத்தனை வருஷத்தில் எத்தனையோ சண்டை போட்டோம். கோபத்தில்கூட அந்த ஒரு நொடியை நீங்கள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அது இன்னும் என்னிடமே இருக்கிறது.