ஃபெபி திறக்காத டப்பா

ஃபெபி,

ஃப்ரிட்ஜில் மீன் தேடும்போது, கெடாமலிருக்க அங்கே வைத்திருந்த என் பிலிம் டப்பாவைத் திறந்து படத்தைக் கெடுத்துவிட்டாய் என்று கத்தினேனே, நீ திறக்கவே இல்லை.

காலையில் அந்த நெகட்டிவை ஸ்கேன் செய்தேன். வெளிச்சம் பட்ட பிலிம் கறுத்துப்போகும். இதுவோ ஒன்றுமே இல்லாமல் வெளுத்திருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து மாடியில் உன்னை எடுத்தபோது, பிலிமை மூடியிருக்கும் தகட்டை நான் உருவவே இல்லை. "இன்னாங்க, போட்டோ எடுக்குறீங்களா, முக்காடு போட்டுகினு ஜெபம் பண்றீங்களா?" என்று நீ கேட்டாய். கேமராவின் கறுப்புத் துணிக்குள் நான் சிரித்த சிரிப்பில் தகட்டை மறந்துவிட்டேன்.

நெத்திலிக் குழம்பு வைத்திருக்கிறேன். புளி கொஞ்சம் தூக்கல். சாவியைப் பக்கத்து வீட்டு ஞானம்மாள் அக்காவிடம் கொடுக்காதே, அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை முடிந்து நாலரைக்கே வந்துவிடுவேன்.

காலாவதியாகி இருபது வருடமான பிலிமில் இன்னும் ஒரே ஒரு ஷீட் இருக்கிறது. ஐந்து மணி வெயிலுக்கு மாடிக்கு வருவாயா?

ஆன்டோ

பி.கு.: ஸ்கேனர் மேல் துணி மடித்து வைக்காதே.

இன்னொன்று: மௌனம் எனக்குப் பிடிக்கும்தான். உன்னுடைய இந்த மூன்று நாள் மௌனம் பிடிக்கவில்லை. "தகட்ட உருவிட்டீங்களா?" என்று நீ வாய் திறந்து கேட்டால்தான் இன்று ஷட்டரை அழுத்துவேன்.