காணாமல் போன நாலாவது கோடு

பானு அக்கா,

இந்த மும்பையில் மேக்கப்பிடம் தோற்காத ஒரே முகம் என்னுடையது. இருபது வருடமாகச் சோப்பைத் தவிர வேறெதுவும் இதைத் தொட்டதில்லை.

நேற்றுக் காலை நீ இன்டர்வியூவுக்காகப் பவுண்டேஷன் போட்டு ஒத்திகை பார்த்தபோது, "என்னக்கா, மாவு மில்லுலயா வேல கெடச்சிருக்கு?" என்று கேட்டது தப்புதான். நீ அழுவாய் என்று நினைக்கவில்லை. ஆனால் முகம் சாம்பல் பூத்துத்தான் இருந்தது. குறை உன் கறுப்பில் இல்லை, வெளிறிய நிறத்தை உன் தலையில் கட்டிய கடைக்காரனிடம். நம் சந்தில் வெயில் விழாது. கடை டியூப்லைட்டில் எல்லாமே பொருந்துவதுபோல்தான் தெரியும்.

மேசையில் புதுப் பவுண்டேஷன் பாட்டில் இருக்கிறது. முதலில் மாய்ஸ்சரைசர், பிறகு சன்ஸ்கிரீன். அது ஊறியதும் பவுண்டேஷனைக் கழுத்து வரை ஒற்று. இன்டர்வியூ மூன்று மணிக்கு, ஒன்றரைக்கே கிளம்பு. சாவியைப் பக்கத்து வீட்டு முருகம்மாள் அத்தையிடம் கொடு. டப்பாவில் புளிச்சோறு.

– செல்வம்

பி.கு.: நிறத்தைச் சந்தேகப்படாதே. நீயும் நானும் ஒரே நிறம். நேற்றுக் கடைக்கு வெளியே ரோட்டு வெயிலில் நின்று, ஐந்து நிறத்தில் என் தாடையில் ஐந்து கோடு போட்டுப் பார்த்தேன். நாலாவது கோட்டைக் காணவில்லை. அதையே வாங்கினேன்.

மூக்குப் பருவின் மேலும் கொஞ்சம் வைத்துக்கொண்டுதான் காலேஜுக்குப் போகிறேன். அம்மாவிடம் சொல்லாதே.