குளத்தில் விடாத குஞ்சுகள்

தம்பிக்கு,

நீ அனுப்பிய பரிசோதனை முடிவைப் பார்த்தேன். உன் மீன்பண்ணையில் வைரஸ் இல்லையாம். செத்து மிதந்த திலாப்பியாக்களும் அதைப் படித்திருந்தால் பிழைத்திருக்கும்.

பொறுமையாகவே சொல்கிறேன், உனக்கு எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்த்து அடுத்த பிள்ளை எழுதிக்கொண்டே போனால், கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் வரும்போது விடை மாறிவிடும். வைரசும் தன்னைப் படியெடுக்கையில் இப்படித்தான் பிழை விடுகிறது. பழைய வடிவத்தைத் தேடும் பரிசோதனைக்கு மாறிப்போனது அகப்படாமல் போகலாம். மீன் சாகிறதென்றால் மறுபடி பரிசோதிப்பார்கள், மனிதர்கள். நீ மிஞ்சிய மீன்குஞ்சுகளைப் பையில் கட்டி எங்கள் குளத்துக்கு அனுப்பினாய்.

"அக்கா, மனிசருக்கு ஒண்டும் செய்யாது. மீனவர் சங்கத்திட்ட நீங்கள் ஓமெண்டு தலையாட்டினால் காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்று தொலைபேசியில் சிரித்தாய். மனிதருக்குக் காய்ச்சல் வராது, உண்மைதான். ஆனால் குளத்து மீன் செத்தால், அதை நம்பியிருக்கும் குடும்பங்களுக்குச் சோறும் வராது.

நேற்று மீனவர் சங்கத் தலைவர் மாயாண்டி குளக்கட்டில் வைத்துக் கேட்டார்: "டீச்சர், உங்க தம்பியோட குஞ்சுதானே, விட்டுரலாமா?"

"என்ர தம்பியின்ர எண்டபடியால்தான் சொல்லுறன், விடாதேங்கோ" என்றேன்.

சுண்ணாம்பு போட்டு அவற்றைப் புதைத்துவிட்டோம். பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, வா. சங்கத்தாருக்கு முன்னால் நின்று, உன் பண்ணையில் மீன் செத்த உண்மையை நீயே சொல்வாய் என்று மாயாண்டி நம்புகிறார். அவருக்கு உன்னைத் தெரியாது.

உன் அக்கா