மூன்றாவது சூடு

அக்டோபர் 12
சுகாதார நிலைய வாசலில் ஒரு மூட்டை கஷ்கொட்டை. யார் வைத்தது என்று தெரியவில்லை. வேகவைத்துத் தின்றேன். ஜிரி மலையடிவாரத்தில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸாக இருப்பதில் இப்படியும் ஒரு சுகம்.

அக்டோபர் 15
குவிரே அக்காவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் வலி. மாதத் தொடக்கத்தில் தோப்புப் புல்லில் உட்கார்ந்து கஷ்கொட்டை பொறுக்கியவள். இந்தப் பருவத்தில் காய்ச்சலோடு யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது தோலைத்தான். புல்லில் இருக்கும் உண்ணிக் குஞ்சு கடித்த இடத்தில் கறுப்பாய்ப் பொருக்குக் கட்டும். வலிக்காது, அதனால் ஆளுக்கே தெரியாது. அதைக் கண்டுவிட்டால் ஸ்க்ரப் டைஃபஸ். மருந்து கொடுத்தால் ஓரிரு நாளில் எழுந்துவிடுவார்கள். தவறவிட்டால் — போன வருஷம் ஒருவரைப் பறிகொடுத்தோம்.

அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், காதுக்குப் பின்னால் — ஒன்றுமில்லை. வயிற்றில் மட்டும் தொப்புளைச் சுற்றிக் கறுப்பாய் மூன்று.

"அதெல்லாம் எங்க வீட்டுக்காரர் கைவேலை. செரிக்கலன்னு சொன்னா போதும், மாசிப்பத்திரிய உருட்டி வயித்துல வச்சுக் கொளுத்திடுவார்."

இந்த ஊரில் சூட்டுத் தழும்பு இல்லாத வயிறு ஏது? சிரித்துவிட்டேன். சளிக்காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் 16
மனசு சரியில்லை. எதனால்?

அக்டோபர் 17
காலையில் பொதுக்குளியல் கூடம். அழுக்குத் தேய்த்துவிடும் மேங் அக்காவிடம் முதுகைக் கொடுத்துப் படுத்தபடி, குவிரேயின் மூன்று சூட்டைச் சொல்லிச் சிரித்தேன். அவள் கை நின்றது.

"மூணா? போன வாரம் நான் தேய்க்கறப்ப ரெண்டுதானே இருந்துச்சு. தொப்புளுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. எடது பக்கம் அரிசி அளவுக்குச் செவப்பா ஒரு பரு, அவ்வளவுதான்."

"அப்புறமா வச்சிருப்பார்."

"அந்த மனுஷன் வச்சா நேர்கோட்டுலதான் வைப்பாரு. பக்கத்துல எதுக்கு வைக்கப் போறாரு?"

பாதி தேய்த்த முதுகோடு எழுந்து குவிரே வீட்டுக்கு ஓடினேன். ஈரத் தலையோடு போய் நின்றதும் அவள் புருஷன் பங் அண்ணன் பயந்துவிட்டார்.

"எத்தனை சூடு வச்சீங்க?"

"ரெண்டு. ஏன், கம்மியா?"

குவிரே அக்கா எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தாள். மார்பில் வெளிறிய சிவப்புப் புள்ளிகள். தொப்புளுக்கு மேலும் கீழும் இருந்த சூட்டைத் தொட்டால் முகம் சுளித்தாள். இடப்பக்கம் தொட்டால் ஒன்றுமில்லை. சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்பு வட்டம், சுற்றிச் சிவந்த கரை.

கண்ணு முன்னாலயே இருந்துச்சே. பாத்துட்டுச் சிரிச்சேனே — நான் எல்லாம் ஒரு நர்ஸா?

டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் பொருக்கைப் பார்த்ததும், ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிட்டார்.

அக்டோபர் 18
இன்னும் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போன் செய்தேன்.

அக்டோபர் 19
காய்ச்சல் விட்டுவிட்டது. கஞ்சி கேட்டாளாம். கிம்ச்சி ஊறுகாய் புளிக்கவே இல்லை என்று அண்ணனைத் திட்டவும் செய்தாளாம். அப்பாடா.

அக்டோபர் 26
குவிரே அக்கா வீடு திரும்பினாள். "இனிமே சூடு வச்சா பக்கத்துலயே பேனாவால நம்பர் போட்டுடறேன்," என்கிறார் அண்ணன்.

மேங் அக்காவிடம் பொருக்கின் படத்தைக் கொடுத்து, இப்படி ஒன்றைக் கண்டால் தேய்த்துப் பெயர்த்துவிடாதே, எனக்குப் போன் செய் என்று கெஞ்சிவிட்டு வந்தேன். இந்த ஊர்ப் பெண்களின் தோலை என்னைவிட அவளுக்குத்தான் தெரியும்.

நவம்பர் 2
குளியல் கூடத்திலிருந்து போன்.

"நர்சம்மா, தபால்காரர் சம்சாரம் வந்திருக்கா. வலது அக்குள்ல கறுப்பா ஒண்ணு. இன்னிக்குக் காலையிலதான் காய்ச்சலாம், வேர்த்தா போயிடும்னு வந்தாளாம். நான் அந்த எடத்தத் தொடல, அவள உடுத்தவும் விடல. துண்டு போத்தி உக்கார வச்சிருக்கேன், வாங்க."

காய்ச்சலின் முதல் நாள். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருவரும் முதல் நாளில் கிடைத்ததில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே இதை எழுதுகிறேன்.