இந்தியா கேட்டில் பாண்டியின் பெயர்

டெல்லி, 11.2.2001, ஞாயிறு

இந்தியா கேட்டில் பாண்டியின் பெயர் இல்லை. சுவரில் இருப்பதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சண்டைகளில் செத்தவர்களின் பெயர்களாம். வேனில் வந்த வழிகாட்டி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னான்.

பட்டாளத்துக்குப் போன மகன் காஷ்மீரில் இறந்த நாளிலிருந்து, டெல்லியில் அவன் பெயரைக் கல்லில் வெட்டியிருப்பார்கள் என்று சொல்லிச் சொல்லித்தான் என் மனைவி மாரியைச் சாப்பிட வைத்தேன். நானும் அதை நம்பினேன். நம்பித்தான் பருத்தி எடுப்பைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பசுவந்தனையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தேன்.

"எங்கன இருக்கு?" என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஏதோ ஒரு பெயரைக் கைகாட்டிவிட்டேன்.

பெயர் மேல் பூசக் குலசாமி திருநீறு கொண்டுவந்திருந்தாள். சுற்றிக் கட்டியிருந்த சங்கிலியைத் தாண்டிப் போகக் காவலர்கள் விடவில்லை. கொஞ்ச நேரம் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். பிறகு, "அவனுக்குக் கொண்டாந்தது, நீங்க வச்சுக்கிடுங்க" என்று என் நெற்றியில் பூசிவிட்டாள்.

"பக்கத்துல உள்ளதெல்லாம் யாரு பெத்த புள்ளையோ. அவிய அம்மாமாரும் வந்து பாத்திருப்பாவளா?"

"பாத்திருப்பாவ" என்றேன்.

செங்கோட்டைக்குப் போனபோது அவள் வேனைவிட்டு இறங்கவில்லை. நான் இறங்கினேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

லாட்ஜுக்கு வந்து, நெற்றியில் தண்ணீர் படாமல் முகம் கழுவினேன்.

"நாளைக்கு ரயிலுக்கு முந்தி இன்னொருக்கப் போயி அவனப் பாத்துட்டு வந்துருவோம். எடத்த நான் மனசுல வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

எனக்குத்தான் எந்தப் பெயரைக் காட்டினேன் என்று நினைவில்லை.